செயல் எது, மனம் எது: குற்றப் பிரிவு ஒன்றைப் பிரித்துப் படிக்கும் முறை

நோயில் துடிக்கும் தந்தையின் வேதனையைப் பார்க்கப் பொறுக்காமல் மகன் அவர் முகத்தில் தலையணையை அழுத்துகிறான். அவன் நெஞ்சில் இருந்தது இரக்கம். ஆனாலும் கொலைப் பிரிவு கேட்கிற மனம் அவனிடம் முழுசாக இருந்தது: உயிர் போகட்டும் என்றுதான் அழுத்தினான். 'குற்ற மனம்' என்ற சொல்லைக் 'கெட்ட மனம்' என்று படிக்கும் பழக்கத்தை விட இந்த ஒரு காட்சி போதும். எதற்காகச் செய்தான் என்பது காரணம். அது சாட்சியமாகப் பயன்படும், தண்டனையின் அளவைப் பேசும்போது உதவும். பிரிவில் அதற்கு இடம் கிடையாது.

சட்டக் கல்லூரியில் ஆக்டஸ் ரியஸ் என்று சொல்வது குற்றத்தின் வெளிப்பக்கம்: செய்தது, செய்யாமல் விட்டது, சுற்றியிருந்த சூழ்நிலை, அதனால் நேர்ந்த விளைவு. மென்ஸ் ரியா உள்பக்கம்: அந்த வேளையில் மனம் இருந்த நிலை. இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். சறுக்குவது அடுத்த கேள்வியில்தான்: எந்த மனம், செயலின் எந்தத் துண்டுக்கு, எந்தக் கணத்தில்? அதற்கு விடை எடுக்கும் வழியைக் கீழே பார்க்கலாம். பிரிவுகள் இந்தியச் சட்டத்தில் உள்ளவை. வழக்குகள் பெரும்பாலும் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் தீர்ப்பானவை.

தாளில் ஒரு கோடு

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழியுங்கள். இடப்பக்கம் செயல், வலப்பக்கம் மனம். பிரிவின் வாசகத்தை நினைவிலிருந்து எழுத வேண்டாம். புத்தகத்தைத் திறந்துவைத்துச் சொல் சொல்லாக எழுதுங்கள். அதற்கும் முன்னால் சம்பவத் தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1 அன்றோ அதன் பிறகோ நடந்தது என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா. அதற்கு முன் நடந்தது என்றால் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம். எஃப்ஐஆர் எப்போது பதிவானது என்பது இதைத் தீர்மானிக்காது.

திருட்டை எடுத்துக்கொள்வோம். சன்ஹிதாவின் பிரிவு 303, பழைய 378. இடப்பக்கம் நான்கு வரிகள் வரும்: அசையும் பொருள், அது இன்னொருவர் கைவசம் இருந்தது, அவர் சம்மதம் இல்லை, பொருள் நகர்த்தப்பட்டது. வலப்பக்கம் ஒரே வரி: நேர்மையின்றி அதை எடுத்துக்கொள்ளும் உட்கருத்து, அதாவது எண்ணம். பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனதாக எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நகர்த்தினாலே இடப்பக்கம் நிரம்பிவிடும். மண்ணில் நிற்கும் மரம் அசையும் பொருள் ஆகாது. எடுத்துப்போகும் நினைப்போடு அதை வெட்டிச் சாய்த்த கணத்தில் திருட்டு முடிந்துவிட்டது என்று பிரிவின் முதல் உதாரணமே சொல்கிறது.

வலப்பக்கத்தில் உள்ள 'நேர்மையின்றி' என்ற சொல்லை அன்றாடப் பொருளில் எடுத்தால் வம்பு. சன்ஹிதா அதற்கு விளக்கம் வைத்திருக்கிறது: ஒருவருக்குத் தவறான ஆதாயமோ இன்னொருவருக்குத் தவறான இழப்போ உண்டாக்கும் உட்கருத்து. இழப்பு நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. அரசு அலுவலகக் கோப்பை ஓரிரு நாள் வெளியே எடுத்துப்போய்த் திருப்பி வைத்ததையே திருட்டு என்று உச்ச நீதிமன்றம் 1962இல் பியாரேலால் பார்கவா வழக்கில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், உரியவரிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கும் உட்கருத்து வேண்டும் என்கிறது. அதே கோப்பு, அதே அலமாரி, அதே கை. அங்கே வலப்பக்கம் காலியாகிவிடும். இங்கிலாந்துப் பாடநூலைப் படித்துவிட்டு இந்தியப் பிரிவுக்கு விடை எழுதுகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இடப்பக்கத்தை இன்னும் நுணுக்கிப் பிரியுங்கள்: நடத்தை, சூழ்நிலை, விளைவு. எல்லாக் குற்றத்திலும் மூன்றும் இருக்காது. பொய்ச் சாட்சி சொல்வதில் விளைவு தேவையில்லை. நீதிபதி நம்பினாரா என்பது முக்கியமில்லை. கொலையில் மரணம் என்ற விளைவு இல்லாமல் பிரிவே இல்லை. திருட்டுப் பொருளைப் பெறுவதில் (பிரிவு 317) எல்லாமே சூழ்நிலையில் நிற்கிறது: பொருள் திருட்டுப் பொருளாக இருக்க வேண்டும். மனச்சொல்லும் அந்தச் சூழ்நிலையோடுதான் ஒட்டியிருக்கிறது: அது திருட்டுப் பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு மனச்சொல்லிலிருந்தும் அது தொடும் துண்டுக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்பு போட மறந்த தாளை வைத்து எழுதிய விடையில், 'குற்ற மனம் இருந்தது, எனவே குற்றவாளி' என்று ஒரே வரியில் முடிச்சுப் போடும் பழக்கம் வந்துவிடும்.

செயல் அவனுடையதுதானா

கை அசைந்தால் மட்டும் செயல் ஆகாது. அவன் அசைத்திருக்க வேண்டும். வலிப்பில் வெட்டியிழுத்த கை, இன்னொருவர் பிடித்துத் தள்ளியதில் மோதிய உடல் எல்லாம் இடப்பக்கத்திலேயே விழுந்துவிடும். மனத்தைப் பற்றிய பேச்சே எழாது. ஓட்டுநரைத் தேனீக் கூட்டம் சூழ்ந்து கொட்டி வண்டி தடுமாறினால் அவர் ஓட்டினார் என்று சொல்ல முடியுமா என்பது 1958ஆம் ஆண்டின் ஹில் எதிர் பாக்ஸ்டர் வழக்கில் பேசப்பட்ட உதாரணம். தூங்கிவிட்ட ஓட்டுநர் இதற்குள் வரமாட்டார். கண் சொக்குவது தெரிந்தும் ஓட்டிக்கொண்டே வந்த அந்த முந்தைய சில நிமிடங்களைச் செயலாக எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கணத்தைச் செயல் என்று குறிக்கிறீர்கள் என்பதில் பாதி விடை இருக்கிறது.

செய்யாமல் விட்டதும் செயலாகும், ஆனால் கடமை இருந்தால் மட்டும். சன்ஹிதாவின் பிரிவு 3(4), செயலைக் குறிக்கும் சொற்கள் சட்டவிரோதமான செய்யாமையையும் குறிக்கும் என்கிறது. 'சட்டவிரோதமான' என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது. குளத்தில் மூழ்கும் குழந்தையைக் கரையில் நின்று பார்த்த அந்நியர் மனசாட்சிக்குப் பதில் சொல்லட்டும். தீர்ப்புகள் வழியே வளர்ந்த ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் அவருக்குப் பொதுவான மீட்புக் கடமை கிடையாது. கடமையைத் தேட ஐந்து இடங்கள்: சட்டம், ஒப்பந்தம், பெற்றோர் போன்ற உறவு, தானாக ஏற்றுக்கொண்ட பராமரிப்பு, தானே உண்டாக்கிய ஆபத்து. 1902இல் இங்கிலாந்தில் ரயில்வே கேட்டைத் திறந்தபடி விட்டுப்போன காவலாளி, வண்டியில் வந்தவர் இறந்ததற்குப் பொறுப்பானார். கடமை வேலை ஒப்பந்தத்திலிருந்து வந்தது. ஐந்தாவது வகைக்கு 1983ஆம் ஆண்டின் மில்லர் வழக்கு: சிகரெட் பற்றவைத்தபடி தூங்கிப்போனவன் விழித்துப் பார்க்கிறான், மெத்தை புகைகிறது, எழுந்து பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறான். தீ பிடித்தது தூக்கத்தில், அங்கே மனம் இல்லை. பார்த்த பிறகும் சும்மா இருந்ததைத்தான், அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை பிடித்தது.

விளைவுக்கும் செயலுக்கும் நடுவே

விளைவுள்ள குற்றத்தில் இரண்டு படிகள். அவன் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்த விளைவு நேர்ந்திருக்குமா என்பது முதல் படி. நடுவில் வேறொன்று புகுந்து சங்கிலியை அறுத்ததா என்பது இரண்டாவது. புகுந்தது மருத்துவமனைத் தவறு என்றால் பலரும் உடனே சங்கிலி அறுந்தது என்று எழுதிவிடுகிறார்கள். 1959ஆம் ஆண்டின் ஸ்மித் வழக்கில் குத்துப்பட்ட சிப்பாயைத் தூக்கிப்போனவர்கள் வழியில் இரண்டு முறை கீழே போட்டார்கள். கிடைத்த சிகிச்சையும் சரியில்லை. ஆனாலும் சாகும் நேரத்தில் காயம் உயிரை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது, குத்தியவன் தப்பவில்லை. 1956ஆம் ஆண்டின் ஜோர்டன் வழக்கில் காயம் பெரும்பாலும் ஆறிவிட்டிருந்தது, ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த பிறகும் டெர்ராமைசின் மருந்தைத் தொடர்ந்து கொடுத்திருந்தார்கள், தண்டனை ரத்தானது. இந்தியாவில் பிரிவு 100இன் இரண்டாம் விளக்கம் இன்னும் கறார்: தகுந்த சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது காயப்படுத்தியவருக்கு விடுதலைச் சீட்டு ஆகாது. ஏற்கெனவே நோயாளி, அதனால்தான் சீக்கிரம் செத்தார் என்ற வாதத்தை முதல் விளக்கம் அடைத்துவிடுகிறது.

மனத்தின் படிகள்

மேலிருந்து கீழாக நான்கு படிகள் என்று வைத்துக்கொள்ளலாம்: உட்கருத்து, தெரிந்தே செய்தல், ஆபத்தை அறிந்தும் துணிதல், கவனக்குறைவு. விளைவை வேண்டிச் செய்தால் உட்கருத்து. வேண்டவில்லை, ஆனால் அது நேரும் என்று தெரிந்திருந்தால் இரண்டாவது படி. நேரலாம் என்று பட்டும் துணிந்தால் மூன்றாவது. அவனுக்குத் தோன்றவே இல்லை, விவரமுள்ள எவருக்கும் தோன்றியிருக்கும் என்றால் கடைசிப் படி. முதல் மூன்றையும் அவன் மண்டைக்குள் புகுந்துதான் அளக்க வேண்டும். நான்காவதை வெளியே நின்று அளக்கலாம். இந்தக் கோட்டை ஆங்கில நீதிமன்றங்களே 20 ஆண்டுக்கு மேல் குழப்பிவைத்திருந்தன. 11, 12 வயதுச் சிறுவர்கள் இருவர் ஒரு கடையின் பின்புறம் செய்தித்தாளைக் கொளுத்திவிட்டுப் போக, கடையே எரிந்த வழக்கில்தான் பிரபுக்கள் சபை 2003இல், துணிதல் என்றால் அவர்களுக்கே அந்த ஆபத்து பட்டிருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டது.

இந்தியக் கொலைப் பிரிவில் உட்கருத்தின் அம்பு எங்கே போகிறது என்பதுதான் நுட்பம். பிரிவு 101இல் ஓர் உட்பிரிவு, கொல்லும் உட்கருத்தைக் கேட்பதே இல்லை. 1958ஆம் ஆண்டின் விர்சா சிங் வழக்கில் ஒரே ஓர் ஈட்டிக் குத்து, வயிற்றில். குடல் வெளியே வந்துவிட்டது. கொல்ல நினைக்கவில்லை என்பது எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) வாதம். உச்ச நீதிமன்றம் நான்கு கேள்விகளை வரிசைப்படுத்தியது. உடலில் காயம் இருக்கிறதா? அது எப்படிப்பட்ட காயம்? தற்செயலாகவோ வேறிடத்துக்குக் குறிவைத்தோ படாமல், அந்தக் காயத்தையே உண்டாக்கும் உட்கருத்து இருந்ததா? அந்தக் காயம் இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா? உட்கருத்து மூன்றாவது கேள்வியோடு முடிந்துவிடுகிறது. நான்காவது மருத்துவரின் சாட்சியத்தால் தீர்மானமாகும் வெளிப்பக்கக் கேள்வி. காயம் உயிரை வாங்கும் என்று எதிரிக்குத் தெரிந்திருந்ததா என்பது அங்கே பொருட்டில்லை. நான்கையும் ஒரே மூச்சில் கலக்காமல், அதே வரிசையில் எழுதுங்கள்.

கவனக்குறைவால் மரணம் என்றால் பிரிவு 106(1). பழைய 304ஏ பிரிவில் உச்ச தண்டனை 2 ஆண்டு. இப்போது 5 ஆண்டு. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததற்கு மட்டும் 2 ஆண்டோடு நிற்கிறது.

மனத்துக்கு நேரடிச் சாட்சி கிடையாது. ஆயுதம், குறிவைத்த உறுப்பு, குத்தின் ஆழம், எத்தனை அடி, முன்னால் சொன்ன சொல், பின்னால் செய்த காரியம் ஆகியவற்றிலிருந்து ஊகிக்க வேண்டும். இவற்றை வலப்பக்கத்தில் எழுதக் கூடாது. வலப்பக்க வரிக்குக் கீழே சாட்சியமாக எழுத வேண்டும். அரிவாள் உட்கருத்து ஆகாது, உட்கருத்தைக் காட்டும் பொருள் மட்டுமே.

ஒரே கணத்தில் இரண்டும்

ரயிலிலிருந்து இறங்கும் அவசரத்தில் ஒருவர் தன் பை என்றே நினைத்து அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். வீட்டில் திறந்து பார்க்கிறார்: உள்ளே லேப்டாப், வேறொருவர் அடையாள அட்டை. வைத்துக்கொள்கிறார். திருட்டா? நகர்த்திய கணத்தில் நேர்மையின்மை இல்லை. நேர்மையின்மை வந்த கணத்தில் பை உரியவர் கைவசத்தை விட்டு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. இரண்டு பக்கமும் நிரம்பியிருக்கின்றன, ஆனால் வெவ்வேறு நேரத்தில். எனவே 303 இல்லை. பின்னால் வந்த நேர்மையின்மையைப் பிடிக்கத்தான் பிரிவு 314 இருக்கிறது: பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்ளுதல், 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. தாளில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் நேரத்தைக் குறிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சென்னை உயர் நீதிமன்றம் 1919இல் தீர்த்த பழனி கவுண்டன் வழக்கு இந்த விதியின் கூர்மையைக் காட்டும். கணவன் கலப்பையின் கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான், அவள் நினைவிழந்தாள். இறந்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலை போலக் காட்ட உத்தரத்தில் தொங்கவிட்டான். உயிர் போனது தூக்கில். அடித்தபோது கொல்லும் உட்கருத்து இருந்ததாக நிரூபணமாகவில்லை. தொங்கவிட்டபோது அவன் மனத்தில் இருந்தது பிணம். பிணத்தைக் கொல்ல உட்கருத்து கொள்ள முடியாது. கொலையும் இல்லை, மரணம் விளைவிக்கும் குற்றமும் இல்லை என்றானது.

1954இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் மேல்முறையீடுகளைக் கேட்ட லண்டன் மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்த தாபோ மெலி வழக்கைப் பக்கத்தில் வையுங்கள். இன்றைய லெசோத்தோவில், திட்டம் போட்டு ஒருவரை அடித்தார்கள். செத்துவிட்டார் என்று நினைத்துப் பாறைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். அவர் இறந்தது வெட்டவெளியில் கிடந்ததால். அங்கே கொலை நிலைத்தது. தொடக்கத்திலிருந்தே கொல்லும் திட்டம், அதன் ஒரு பகுதியாகத்தான் உருட்டியதும். ஒரே தொடர்ச்செயலைத் துண்டுபோட முடியாது என்றது பிரிவி கவுன்சில். சென்னையிலேயே 1943இல் தவமணி வழக்கும் அதே வழியில் போயிருந்தது. இந்த இரண்டு வகைக்கும் வித்தியாசம் இரண்டாவது செயலில் இல்லை; முதல் செயலின்போது கொல்லும் உட்கருத்து இருந்ததா என்பதில் இருக்கிறது. தேர்வுத் தாள்களில் பெரும்பாலும் நேர்வது, 'பிணம் என்று நினைத்தான்' என்ற வரியைப் பார்த்ததுமே பழனி கவுண்டனை எழுதிவிட்டு முதல் அடியைத் திரும்பிப் பார்க்காமல் போவது.

குறி தப்பிய மனம்

ஒருவரைக் குறிவைத்து இன்னொருவர் இறந்தால் பிரிவு 102 (பழைய 301) மனத்தை அப்படியே இடம் மாற்றுகிறது. 1912ஆம் ஆண்டின் சூர்யநாராயண மூர்த்தி வழக்கும் சென்னையில்தான். ஆயுள் காப்பீட்டுப் பணத்துக்காக ஒருவருக்கு விஷம் கலந்த அல்வா கொடுக்கப்பட்டது. அவர் கொஞ்சம் தின்றுவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டார், பிழைத்தும்கொண்டார். மிச்சத்தைத் தின்ற சிறுமி இறந்தாள். அவளைக் கொல்ல நினைத்தவர் யாருமில்லை. பெரும்பான்மை நீதிபதிகள் கொலை என்றார்கள்.

இடம் மாற்றம் ஒரே வகைத் தீங்குக்குள் மட்டும். 1874இல் ஆள்மேல் எறிந்த கல் ஜன்னலை உடைத்தது. ஆளை அடிக்கும் மனம் பொருளைச் சேதப்படுத்தும் மனமாக மாறாது என்று பெம்பிளிட்டன் வழக்கில் தண்டனை ரத்தானது.

மனச்சொல்லே இல்லாத பிரிவு

வலப்பக்கம் எழுத ஒன்றும் இல்லை என்றால் உடனே 'குற்ற மனம் தேவையில்லை' என்று முடிவுகட்ட வேண்டாம். சட்டம் மனத்தைக் கேட்கிறது என்ற ஊகத்தில் தொடங்கி, சட்டத்தின் நோக்கமும் சொற்களும் அதை விலக்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படியுங்கள். 1964இல் எம்.எச். ஜார்ஜ் வழக்கு: சூரிச்சிலிருந்து மணிலா போகும் வழியில் விமானம் பம்பாயில் நிற்க, பயணி தன் உடுப்பில் 34 கிலோ தங்கத்தோடு இருந்தார். சில நாள் முன்புதான் விதி மாறியிருந்தது; தெரியாது என்றார். பெரும்பான்மை தண்டித்தது, நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். 1965இல் நாதுலால் வழக்கு: தானிய வியாபாரி உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தார், கிடைத்துவிடும் என்று நம்பி வியாபாரம் செய்தார், மனம் இல்லை என்று விடுதலை. அன்னியச் செலாவணிக் கட்டுப்பாட்டுக்கு ஓர் அளவு, தானிய வியாபாரத்துக்கு இன்னோர் அளவு. இதில் முழு ஒழுங்கு இருப்பதாகச் சொன்னால் பொய்.

சில சட்டங்கள் மனத்தை வைத்துக்கொண்டு நிரூபிக்கும் பாரத்தை மட்டும் திருப்புகின்றன. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 35 குற்ற மனநிலை இருந்ததாகவே ஊகிக்கும். இல்லை என்று எதிரிதான் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும்.

மனத்தை அழிப்பவை

நல்லெண்ணத்தோடு செய்த நிகழ்வுப் பிழை மனத்தைத் துடைத்துவிடும். சட்டம் தெரியாமை துடைக்காது. பேய் என்று உண்மையாகவே நம்பி இருட்டில் குக்ரிக் கத்தியால் வெட்டியவரை ஒரிசா உயர் நீதிமன்றம் ராம் பகதூர் தாபா வழக்கில் விடுவித்தது. 7 வயதுக்குக் கீழே மனம் உண்டா என்ற கேள்வியே எழாது. தானாகக் குடித்த போதை வேறு கணக்கு: பிரிவு 24 குடிக்காதவனுக்கு இருக்கும் அறிவை அவன்மேல் ஏற்றிவைக்கிறது. உட்கருத்தை அப்படி ஏற்றுவதில்லை. அதைச் சூழ்நிலையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஒரு கட்டம் காலியானால்

தாளில் ஏதோ ஒரு வரி நிரம்பாமல் நின்றால் அந்தப் பிரிவு விழுந்தது, அவ்வளவே. பக்கத்துப் பிரிவுக்குத் தாளை மாற்றிப் பாருங்கள். விளைவு இல்லை என்றால் முயற்சி. பெரிய மனம் இல்லை என்றால் சிறிய மனம் கேட்கும் பிரிவு. மாற்றும்போது வலப்பக்கத்தை மறுபடி எழுத வேண்டும், ஏனென்றால் முயற்சியில் மனம் சில சமயம் கூடுதலாகத் தேவைப்படும். இங்கிலாந்தில் கடுங்காயம் செய்யும் உட்கருத்தோடு அடித்து ஆள் இறந்தால் கொலை. ஆள் பிழைத்தால் கொலை முயற்சிக்குக் கொல்லும் உட்கருத்தே வேண்டும். 1910ஆம் ஆண்டின் வைட் வழக்கில் மகன் தாயின் பானத்தில் சயனைடு கலந்தான். பக்கத்தில் பானத்தோடு தாய் இறந்து கிடந்தாள். விஷத்தால் அல்ல, இதயம் நின்றதால். செயலுக்கும் மரணத்துக்கும் இடையே இருந்த கோடு அறுந்தது, கொலை போனது. வலப்பக்கத்தில் இருந்த வரி அப்படியே நின்றது. கொலை முயற்சிக்குத் தண்டிக்கப்பட்டான்.